கன்வர்ஷன் வரவில்லையா? வினையூக்கியைத் திட்டும் முன் பார்க்க வேண்டியவை

ஆய்வகங்களில் இருக்கும் சின்ன ஃபிக்ஸட் பெட் ரியாக்டருக்கான குறிப்பு இது. ஒரு குவார்ட்ஸ் அல்லது ஸ்டீல் குழாய், நடுவே குவார்ட்ஸ் பஞ்சின் மேல் சில நூறு மில்லிகிராம் வினையூக்கி (இதுதான் படுகை), சுற்றிலும் உலை. மேலே எம்.எஃப்.சி. (வாயு ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) வழியாக வாயுக்கள் வரும், கீழே ஆவியைக் குளிரவைத்துத் திரவமாக்கும் கண்டென்சரும், வாயுக்களைப் பிரித்து அளக்கும் ஜி.சி.யும் (கேஸ் குரோமடோகிராஃப்) இருக்கும். இதில் கன்வர்ஷன், அதாவது உள்ளே விட்டதில் எத்தனை சதவீதம் வினைபுரிந்தது என்ற எண், சரியாக வராவிட்டால் எல்லோர் வாயிலும் முதலில் வருவது "கேட்டலிஸ்ட் போச்சு" என்பதுதான். பெரும்பாலும் அது போயிருக்காது. குழாய், வாயு, தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் கம்பி), கணக்கு ஆகிய நான்கில் ஏதோ ஒன்றில்தான் கோளாறு இருக்கும். அதனால் ஒவ்வொரு அறிகுறியின் கீழும் காசு செலவாகாத சோதனையை முதலில் வைத்திருக்கிறேன். புதிதாக வினையூக்கி தயாரிப்பது, மாதிரியை எக்ஸ்-ரேக்கு அனுப்புவது எல்லாம் கடைசியில்.

வெப்பநிலை எல்லாம் செல்சியஸில்.

## எந்த அறிகுறிக்கும் முன்னால்

கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்தால் பிழை தேடிக்கொண்டு நிற்காதீர்கள். வெளியேறுங்கள், பாதுகாப்புப் பொறுப்பாளரை அழையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஒடுக்கப்பட்ட, அதாவது ஹைட்ரஜனால் ஆக்ஸிஜன் நீக்கி உலோகமாக்கப்பட்ட, நிக்கல் உள்ளே இருக்கும்போது கார்பன் மோனாக்சைடை 200 டிகிரிக்குக் கீழே அதன்மேல் விடவே கூடாது. நிக்கல் கார்பனைல் உருவாகும். மிகக் கொடிய நச்சு ஆவி அது. அழுத்தம் கூடினால் அந்த 200 என்ற எல்லையும் மேலே போகும். நிறுத்தும்போது வரிசை முக்கியம்: முதலில் கார்பன் மோனாக்சைடை மூடுங்கள், நைட்ரஜனோ ஆர்கானோ விட்டு நன்றாக வெளியேற்றுங்கள், அதன் பிறகு உலையை அணையுங்கள். மாலையில் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் தலைகீழாகச் செய்யப்படுவது இதுதான்.

## அறிகுறி: ஆரம்பத்திலிருந்தே கன்வர்ஷன் பூஜ்யம்

சிரிக்காதீர்கள், முதலில் பைபாஸ் வால்வைப் பாருங்கள். வாயு ரியாக்டருக்குள் போகாமல் நேராக ஜி.சி.க்குப் போய்க்கொண்டிருந்தால் கன்வர்ஷன் பூஜ்யமாகத்தான் இருக்கும்.

வால்வு சரியென்றால் வெளியேறும் இடத்தில் சோப்புக் குமிழி ஃப்ளோமீட்டரை மாட்டுங்கள். நைட்ரஜனை மட்டும் விட்டு, உள்ளே போகும் அளவும் வெளியே வரும் அளவும் ஒன்றா என்று பாருங்கள். குறைந்தால் வழியில் கசிகிறது. வாயுவை அடைத்து அழுத்தமானியைக் கவனியுங்கள், இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குவார்ட்ஸ் குழாயை ஸ்டீலோடு சேர்க்கும் இடத்தில் குழாயை இறுக்கிப் பிடிக்கும் வளையமான ஃபெரூல்தான் வழக்கமான குற்றவாளி.

தெர்மோகப்பிள். உலையின் சுவரில் 400 என்று காட்டுவது வேறு, படுகையில் 400 இருப்பது வேறு. தெர்மோகப்பிளின் முனை வினையூக்கிப் படுகைக்குள்தான் இருக்கிறதா என்பதை வெளியே எடுத்து, குழாயின் பக்கத்தில் வைத்து, கண்ணால் அளந்து உறுதிசெய்யுங்கள். பிறகு உள்ளே வைத்து, வெறும் நைட்ரஜன் ஓட்டத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டராக மேலும் கீழும் நகர்த்தி எண்களைக் குறியுங்கள். குழாய் உலையில் சீரான சூடு இருப்பது நடுவில் சிறிது நீளத்துக்குத்தான். பஞ்சு நழுவிப் படுகை கீழே இறங்கியிருந்தால் இந்தச் சோதனையில் அகப்பட்டுவிடும்.

உலை சூடாகச் சூடாக எண் இறங்கிக்கொண்டே போனால் தெர்மோகப்பிளின் கம்பிகள் இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். சூடு போதவில்லை என்று நினைத்து கன்ட்ரோலர் முழுவீச்சில் ஏற்றிக்கொண்டே இருக்கும்.

ஒடுக்கம் நடந்ததா? ஆக்சைடாகவே உட்கார்ந்திருக்கும் நிக்கலிடம் ஹைட்ரஜனேற்றத்தை எதிர்பார்க்க முடியாது. நிக்கலுக்குப் பொதுவாக 400 முதல் 500 டிகிரியில் சில மணி நேரம் ஹைட்ரஜன் வேண்டும். அலுமினா மேல் நிக்கலை வைத்து அதிகச் சூட்டில் சுட்டிருந்தால் அது நிக்கல் அலுமினேட்டாகிப் போயிருக்கும். அதை ஒடுக்க 700 டிகிரிக்கு மேலே போக வேண்டும். செம்பு வேறு ரகம். நீர்த்த ஹைட்ரஜனில் 200 முதல் 250 டிகிரி போதும், அதற்கு மேல் போனால் நீங்களே அதைக் கெடுத்துவிடுவீர்கள். ஒடுக்கும்போது கண்டென்சரில் துளித் தண்ணீராவது தெரிகிறதா, பச்சையாகவோ சாம்பலாகவோ போட்டது கறுப்பாக மாறியதா என்று பாருங்கள். ஏற்கெனவே ஒடுக்கி, லேசாக ஆக்ஸிஜன் காட்டி அடக்கி வைத்த வினையூக்கி என்றாலும் ரியாக்டருக்குள் மறுபடி ஒடுக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகும் பூஜ்யமா? நடத்தை நன்றாகத் தெரிந்த ஒரு வினையூக்கியைப் போட்டு ஓட்டுங்கள். ஒவ்வொரு ஆய்வகத்திலும் இதற்கென்றே ஒரு புட்டி தனியாக இருக்க வேண்டும். அதுவும் வேலை செய்யாவிட்டால் பழி அமைப்பின் மேல். அது வேலை செய்தால்தான் உங்கள் வினையூக்கியின் மேல். அப்போதுதான் உலோக அளவைப் பகுப்பாய்வுக்கு அனுப்புவதிலும் வேதிப் பரப்பூன்றல் (உலோகப் பரப்பு எவ்வளவு வாயுவைப் பிடிக்கிறது என்ற அளவீடு) எடுப்பதிலும் அர்த்தம் உண்டு.

## அறிகுறி: நன்றாக ஆரம்பித்தது, பிறகு இறங்குகிறது

அதிகம் குழப்புவது இதுதான். முதல் கேள்வி, உண்மையிலேயே இறங்குகிறதா? பைபாஸுக்கு மாற்றி, உள்ளே போகும் கலவையை மறுபடி அளந்து பாருங்கள். காலையில் இருந்த எண்ணே இப்போதும் வராவிட்டால் பிரச்சினை வினையூக்கியில் இல்லை. சிலிண்டர் தீர்ந்துகொண்டிருக்கலாம், எம்.எஃப்.சி. நகர்ந்திருக்கலாம். வாயுவைத் திரவத்தில் குமிழவிட்டு அதன் ஆவியை எடுத்துப்போகிறவர்கள் என்றால் அந்தக் குடுவையின் வெப்பநிலையும் திரவ மட்டமும் இறங்கியிருக்கலாம்.

கலவை மாறவில்லையா? சரி, எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். வரைபடத்தின் வடிவமே பாதி விடையைச் சொல்லும்.

### முதலில் வேகமாக இறங்கி, அப்புறம் நிலைக்கிறது

பெரும்பாலும் இது நோயே அல்ல. மிக வீரியமான இடங்களில் கரி படிந்து, மற்ற இடங்கள் நிதானமாக வேலை செய்யத் தொடங்கியிருக்கின்றன. நிலைத்த பிறகு வரும் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

### மெதுவாக, நிற்காமல் இறங்குகிறது

கரி படிகிறது, அல்லது உலோகத் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துப்போகின்றன. இரண்டையும் பிரித்தறிய எரித்துப் பார்ப்பதே மலிவான வழி. வினைபடு வாயுக்களை நைட்ரஜனால் வெளியேற்றிவிட்டு, நைட்ரஜனில் 1 முதல் 2 சதவீதம் ஆக்ஸிஜன் கலந்து, நிமிடத்துக்குச் சில டிகிரி வீதம் மெல்ல ஏற்றுங்கள். ஜி.சி.யில் கார்பன் டை ஆக்சைடு எழுந்தால் கரி எரிகிறது. முடிந்ததும் மறுபடி ஒடுக்கி, பழைய நிலைமையில் ஓட்டுங்கள். திறன் திரும்பி வந்தால் கரிதான் காரணம். வராவிட்டால் துகள் பெருத்துவிட்டது, அல்லது நஞ்சு (வினையூக்கியைச் செயலிழக்கச் செய்யும் மாசு).

எரிக்கும்போது படுகையின் வெப்பநிலை உலையை முந்திக்கொண்டு ஓடினால் உடனே ஆக்ஸிஜனை மூடுங்கள். அவசரத்தில் வெறும் காற்றை விட்டு எரிப்பவர்கள் கரியோடு வினையூக்கியையும் சேர்த்தே அழிக்கிறார்கள்.

செம்பு வினையூக்கி என்றால் எரிப்பதற்கு முன் வெப்பநிலைப் பதிவைப் புரட்டுங்கள். ஒரே ஒருமுறை 300 டிகிரியை நன்றாகத் தாண்டியிருந்தாலும் துகள்கள் பெருத்திருக்க வாய்ப்பு அதிகம். அதற்குப் பரிகாரம் கிடையாது, புதிதாகப் போட வேண்டியதுதான்.

### நெடுநேரம் அசையாமல் நின்று, திடீரென்று விழுகிறது

நஞ்சின் கையெழுத்து இப்படித்தான் இருக்கும். படுகையின் மேல்பகுதி முதலில் சாகிறது, கீழ்ப்பகுதி வேலையைத் தாங்கிக்கொள்கிறது. சாவு கடைசி அடுக்கை எட்டும்போதுதான் உங்களுக்குத் தெரியவருகிறது. குளிர்ந்த பின் படுகையை மொத்தமாகக் கொட்டாமல் மேல், நடு, கீழ் என்று மூன்று புட்டிகளில் எடுங்கள். ஒடுக்கப்பட்ட உலோகம் காற்றுப் பட்டால் பற்றிக்கொள்ளும் என்பதால், திறப்பதற்கு முன் அறை வெப்பநிலையில் 1 சதவீதத்துக்கு மிகாத ஆக்ஸிஜனை வெகுநேரம் காட்டிவிடுங்கள். மேல் அடுக்கு மட்டும் செத்திருந்தால் நஞ்சு வாயுவோடு வருகிறது.

எங்கிருந்து? கந்தகமாக இருந்தால் நிக்கலுக்கு ஒரு பிபிஎம்முக்கும் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) குறைவே போதும். வாயுவில் இருக்கலாம், ரப்பர் குழாயிலோ ஓ-ரிங்கிலோ இருந்து கசியலாம். சிலிக்கோன் கிரீஸும் சிலிக்கோன் குழாயும் இன்னொரு வகை. அவற்றின் ஆவி வினையூக்கியின் மேல் சிலிக்காவாகப் படிந்து மூடிவிடும். சூடான பாதையில் கிரீஸ் என்ற பேச்சே கூடாது.

பலர் நினைத்தே பார்க்காத ஒன்று கார்பன் மோனாக்சைடு சிலிண்டர். ஸ்டீல் சிலிண்டரில் அதிக அழுத்தத்தில் வெகுநாள் இருந்தால் இரும்புக் கார்பனைல் சிறிதளவு உண்டாகி வாயுவோடு வரும். சூடு பட்டதும் சிதைந்து இரும்பாகப் படியும். படுகைக்கு மேலே இருக்கும் பஞ்சை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். சூடு தொடங்கும் இடத்தில் கறுப்பாகவோ பழுப்பாகவோ ஒரு வளையம் இருந்தால் அதுதான். ரியாக்டருக்கு முன்னால் கிளர்வூட்டிய கரியோ சூடாக்கிய அலுமினாவோ நிரப்பி, மாசைப் பிடித்துவைக்கும் ஒரு குழாயை வையுங்கள், அல்லது அலுமினியச் சிலிண்டரில் வரும் வாயுவுக்கு மாறுங்கள். கணிசமான இரும்பு உள்ளே போயிருந்தால் கன்வர்ஷன் விழுவதோடு விளைபொருள்களும் மாறும், ஏனென்றால் இரும்பு தன் பங்குக்கு வேறு வினை செய்யத் தொடங்கிவிடும்.

இவற்றில் எதுவும் பொருந்தாதபோது மட்டும் புதியதையும் பயன்படுத்தியதையும் ஒன்றாக எக்ஸ்-ரே விளிம்பு விளைவுக்கும் (துகள் அளவு தெரியும்) வெப்ப எடைப் பகுப்பாய்வுக்கும் (கரியின் அளவு தெரியும்) கொடுங்கள். பயன்படுத்தியதை மட்டும் அனுப்பினால் ஒப்பிட ஒன்றும் இருக்காது.

இடையில் ஒன்று. நூறு சதவீதக் கன்வர்ஷனில் நாள்கணக்காக ஓட்டி "நிலையாக இருக்கிறது" என்று எழுதுவதை நான் நம்புவதில்லை. தேவைக்கு மேல் வினையூக்கி இருந்தால் பாதி செத்தாலும் எண் நூறிலேயே நிற்கும். வாயு ஓட்டத்தைக் கூட்டி, கன்வர்ஷனை 20 முதல் 50 சதவீதத்துக்குக் கொண்டுவந்துவிட்டு நிலைத்தன்மையைச் சோதியுங்கள்.

## அறிகுறி: கார்பன் கணக்கு டாலி ஆகவில்லை

உள்ளே போன கார்பன் முழுவதும் வெளியே வந்தால் கணக்கு நூறு சதவீதம்.

### நூறைத் தாண்டுகிறது

முதலில் பேப்பரை எடுங்கள், ஸ்பானரை அல்ல. கார்பன் டை ஆக்சைடை மீத்தேனாக மாற்றும் வினையை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 10 மி.லி. கார்பன் டை ஆக்சைடு, 40 ஹைட்ரஜன், 50 நைட்ரஜன் உள்ளே போகின்றன. உண்மையான கன்வர்ஷன் 80 சதவீதம். தண்ணீரைக் கண்டென்சரில் பிடித்த பிறகு வெளியே வருவது 2 கார்பன் டை ஆக்சைடு, 8 மீத்தேன், 8 ஹைட்ரஜன், 50 நைட்ரஜன். மொத்தம் 68 மி.லி. ஜி.சி.யில் கார்பன் டை ஆக்சைடு 2.9 சதவீதம் என்று தெரியும். 10 சதவீதம் 2.9 ஆனது என்று நேராகக் கணக்குப் போட்டால் கன்வர்ஷன் 71. மீத்தேன் 11.8 சதவீதம், இரண்டையும் கூட்டினால் 14.7, அதாவது கார்பன் கணக்கு 147 சதவீதம்!

எங்கும் பழுதில்லை. ஓட்டம் சுருங்கியதைக் கணக்கில் எடுக்கவில்லை, அவ்வளவுதான். நைட்ரஜன் வினைபுரியாததால் எல்லாவற்றையும் அதோடு வகுத்துப் பாருங்கள். முன்பு 10-க்கு 50, இப்போது 2-க்கு 50. கன்வர்ஷன் சரியாக 80 வரும்.

### நூறுக்குக் கீழே நிற்கிறது

எம்.எஃப்.சி. எந்த வாயுவுக்கு அளவீடு செய்யப்பட்டது என்று ஒட்டுச்சீட்டைப் பாருங்கள். நைட்ரஜனுக்கு அளவீடு செய்ததில் கார்பன் டை ஆக்சைடை விட்டால் திரையில் தெரிவதில் சுமார் 0.7 பங்குதான் உண்மையில் போகும். சோப்புக் குமிழியால் நேரில் அளப்பதே நல்லது. கார்பன் டை ஆக்சைடு சோப்புக் கரைசலில் கரையும் என்பதால் அதை மட்டும் சட்டென்று அளந்து முடியுங்கள்.

அடுத்து ஜி.சி. கார்பன் டை ஆக்சைடு, மாலிகுலர் சீவ் என்ற நுண்துளைப் பொருள் நிரப்பிய பிரிப்புக் குழாய்க்குள் போனால் சாதாரணச் சூட்டில் வெளியே வராது, அங்கேயே தங்கிவிடும். நாளடைவில் வரைபடத்தில் மற்ற வாயுக்களுக்கு எழும் சிகரங்களும் நெருங்கி ஒட்டத் தொடங்கும். அந்தக் குழாயைக் கேரியர் (மாதிரியைச் சுமந்து செல்லும் வாயு) ஓட்டத்தில், அது தாங்கும் உச்ச வரம்புக்குள், இரவு முழுவதும் சூடேற்றினால் மீளும். ஹீலியம் கேரியரில் ஹைட்ரஜனை அளப்பவர்கள் அந்த எண்ணை நம்ப வேண்டாம், அதற்கு ஆர்கான் கேரியர் வேண்டும்.

ஆக்ஸிஜன் விடாத வினையில் ஆக்ஸிஜன் சிகரம் தெரிகிறதா? காற்று நுழைகிறது. அப்போது நைட்ரஜனை அளவுகோலாக வைத்த கணக்கும் கெட்டுப்போகும். ஆர்கானுக்கு மாறலாம் என்றால், அறை வெப்பநிலையில் மாலிகுலர் சீவில் ஆர்கானும் ஆக்ஸிஜனும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். ஆகவே கசிவை அடைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இவை சரியென்றால் கார்பன் எங்கோ உட்கார்ந்திருக்கிறது. ஒன்று படுகையில் கரியாக, அல்லது ரியாக்டருக்கும் ஜி.சி.க்கும் நடுவே குளிர்ந்த குழாயில் திரவமாக. சூடேற்றும் நாடா சுற்றாமல் விட்ட வால்வு ஒன்று கட்டாயம் இருக்கும், தேடுங்கள்.

ஜி.சி. டிடெக்டரைத் திறப்பது, எம்.எஃப்.சி.யைப் பிரிப்பது இரண்டும் உங்கள் வேலை அல்ல. சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: வினையூக்கி போடாமலேயே வினை நடக்கிறது

முதலில், வெற்றுக் குழாயை ஓட்டிப் பார்த்ததற்குப் பாராட்டு. பலர் இதைச் செய்வதே இல்லை.

ஸ்டீல் குழாய் என்றால் அதிலுள்ள நிக்கலும் இரும்புமே காரணமாக இருக்கலாம். சூடு கூடக் கூடச் சுவரே வினையூக்கியாகும். தெர்மோகப்பிளின் உலோக உறையும் அப்படியே. குவார்ட்ஸ் குழாய், குவார்ட்ஸ் உறை போட்டு மறுபடி பாருங்கள். குவார்ட்ஸிலும் நடந்தால் முந்தைய ஓட்டத்தின் உலோகப் படிவு ஒட்டியிருக்கும். காற்றில் எரித்து, அமிலத்தில் கழுவுங்கள். சூட்டைப் பரப்ப வினையூக்கியோடு சிலிக்கன் கார்பைடு கலப்பவர்கள் அதை மட்டும் தனியாக ஓட்டிப் பாருங்கள், அதில் இரும்பு மாசு இருப்பது அபூர்வமல்ல. 700 டிகிரிக்கு மேல் ஆக்ஸிஜனோடு மீத்தேன் விடுபவர்களுக்கு வாயுவிலேயே வினை நடக்கும். படுகைக்கு முன்னும் பின்னும் உள்ள காலி இடத்தைக் குவார்ட்ஸ் துண்டுகளால் நிரப்பினால் குறையும்.

## அறிகுறி: அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது

குவார்ட்ஸ் குழாயில் இது விளையாட்டல்ல. வினைபடு வாயுக்களை நிறுத்திவிட்டுத்தான் காரணம் தேட வேண்டும். பைபாஸில் விட்டும் அழுத்தம் ஏறினால் அடைப்பு ரியாக்டருக்கு வெளியே: உறைந்த கண்டென்சர், அடைத்த ஃபில்டர், மெழுகு. பைபாஸில் ஏறவில்லை என்றால் படுகைதான். பஞ்சை இறுக்கித் திணித்திருக்கலாம், அல்லது பொடியைச் சலிக்காமல் போட்டிருக்கலாம். அழுத்தித் துண்டாக்கிச் சலித்து 250 முதல் 425 மைக்ரான் வரை எடுங்கள்.

நிக்கல் மேல் ஹைட்ரோகார்பனை விட்டு, நீராவி போதாமல் போனால் கரி இழை இழையாக வளர்ந்து துகள்களையே பிளந்துவிடும். படுகை கல்லாக இறுகியிருக்கும். கம்பியால் குத்தி எடுக்க முயன்றால் குழாய் உடையும். விரிசல் விழுந்த குழாயைக் கண்ணாடி வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். ஒட்டவைத்துப் பயன்படுத்தாதீர்கள்.

## அறிகுறி: படுகையின் வெப்பநிலை ஓடுகிறது அல்லது ஆடுகிறது

உலையைத் தாண்டிப் பாய்ந்து போனால் உலையை அணைப்பதில் மட்டும் பயனில்லை, சூடு வினையிலிருந்து வருகிறது. வினைபடு வாயுவை வெட்டி, நைட்ரஜனை அதிகப்படுத்துங்கள். அடுத்த முறை வினையூக்கியோடு சிலிக்கன் கார்பைடைக் கலந்து, நீர்த்த கலவையில் ஆரம்பியுங்கள்.

மேலும் கீழுமாக ஆடினால் ஆட்டத்தின் கால அளவைக் குறியுங்கள். கன்ட்ரோலர் உலையை ஏற்றி அணைக்கும் நேரத்தோடு பொருந்தினால் கன்ட்ரோலரின் பி.ஐ.டி. அமைப்பை (சூட்டை எவ்வளவு வேகமாக ஏற்றி இறக்குவது என்பதற்கான எண்கள்) மாற்றுங்கள். கண்டென்சரில் துளி விழும் நேரத்தோடு பொருந்தினால் அழுத்தத் துடிப்பு. இரண்டோடும் பொருந்தவில்லை, பிளாட்டினத்தின் மேல் கார்பன் மோனாக்சைடை ஆக்ஸிஜனேற்றுகிறீர்கள் என்றால் அது பிழையே இல்லாமலும் இருக்கலாம். அந்த வினை தானாகவே ஊசலாடும். 2007-இல் வேதியியல் நோபல் பெற்ற கெர்ஹார்ட் எர்ட்ல் இந்த ஊசலாட்டத்தைத்தான் ஒற்றைப் படிகப் பரப்பில் விரிவாக ஆராய்ந்தார். சூட்டை ஏற்றும்போது ஒரு வளைவும் இறக்கும்போது வேறு வளைவும் வருவதும் அந்த வினையில் சகஜம்.

## அறிகுறி: சூட்டை ஏற்றினாலும் கன்வர்ஷன் ஏறவில்லை

முதலில் சமநிலை எல்லையை, அதாவது அந்த வெப்பநிலையில் வினை எட்டக்கூடிய உச்சக் கன்வர்ஷனை, கணக்கிடுங்கள். கார்பன் டை ஆக்சைடு மீத்தேனாக்கம் போன்ற வெப்ப உமிழ் வினைகளில் சூடு ஏற ஏற எல்லையே கீழே இறங்கும். நீங்கள் அந்தக் கோட்டின் மேல் நின்றால் எந்த வினையூக்கியும் அதற்கு மேல் தராது.

எல்லைக்குக் கீழே இருந்தும் ஏறவில்லையா? வினையூக்கியின் எடையையும் வாயு ஓட்டத்தையும் ஒரே மடங்கில் கூட்டுங்கள். கன்வர்ஷன் மாறினால் வாயு பரப்பை எட்டுவதிலேயே தடை இருக்கிறது. மாறாவிட்டால் துகளை இன்னும் பொடித்துப் பாருங்கள். பொடித்ததும் கூடினால் நுண்துளைகளுக்குள் தடை. கிளர்வு ஆற்றல் (வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை) எதிர்பார்த்ததில் பாதியாக வந்தாலும் அதே சந்தேகம்தான்.

இரண்டிலும் மாற்றமில்லை என்றால் வாயு படுகையைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறது. குழாயின் உள்விட்டம் துகளைப் போல் 10 மடங்காவது, படுகையின் நீளம் 50 மடங்காவது இருக்க வேண்டும்.

## அறிகுறி: போன முறை தயாரித்த தொகுதியில் வந்தது இந்தத் தொகுதியில் வரவில்லை

எடை போட்ட விதத்தைக் கேளுங்கள். சில ஜியோலைட்டுகள் (நுண்துளைகள் நிறைந்த கனிமங்கள்) எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். மழை நாளில் எடுத்த 200 மில்லிகிராமும் வெயில் நாளில் எடுத்த 200 மில்லிகிராமும் ஒன்றல்ல. உலர்த்தி, மூடி வைத்து எடை போடுங்கள்.

பிறகு சுட்ட விதம். ஆழமான மூசையில் குவித்துச் சுட்டதும் தட்டில் மெல்லியதாகப் பரப்பிச் சுட்டதும் வெவ்வேறு பொருள்கள், ஏனென்றால் நைட்ரேட் சிதைந்து வரும் ஆவி குவியலுக்குள் தங்கி உலோகத்தைத் திரளச் செய்கிறது. குளோரைடு உப்பில் தொடங்கியிருந்தால் கழுவிய தண்ணீரில் சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விடுங்கள். வெண்மையாகக் கலங்கினால் இன்னும் கழுவ வேண்டும். தெளிவாக இருந்து, எடையும் சுட்ட விதமும் ஒத்துப்போனால் இரண்டு தொகுதிகளிலிருந்தும் மாதிரி எடுத்து உலோக அளவுக்கும் பரப்பளவுக்கும் ஒரே நாளில், ஒரே கருவியில் அளக்கச் சொல்லி அனுப்புங்கள்.